பலாலி – திருச்சி, பலாலி – சென்னை: வான்வழித் தூரம் எவ்வளவு, உண்மையில் பிடிக்கும் நேரம் எவ்வளவு?

கொக்குவில் தாரகை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அக்கா குடும்பமாக அங்கேதான் இருக்கிறா. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலிலும் வருத்தம், ஒரே இடத்தில் கனநேரம் இருக்க ஏலாது. எந்த வழியில் போனால் நேரம் குறையும் என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேடக் குழப்பம்தான் கூடியது.

தூரம் கணக்கிட்டுச் சொல்லும் இணையத்தளம் ஒன்றில் யாழ்ப்பாணம் (பலாலி விமான நிலையம்) – சென்னை 355 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 56 நிமிடம் என்று இருக்கிறது. திருச்சிக்கு 184 கிலோமீற்றர், 44 நிமிடம். ரிக்கெற் பதியும் இடத்தில் பார்த்தால் சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கிட்ட, திருச்சிக்கு ஒரு மணித்தியாலம். தூரம் பாதி என்றால் நேரம் ஏன் பாதியாகவில்லை? இதில் எந்தக் கணக்கை நம்பி வீட்டிலிருந்து வெளிக்கிடுவது? போய்வந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தி

தங்கச்சி, முதலில் தூரத்தைத் தீர்த்துவிடுவோம். நேரத்தை விமானம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

355 சரியான எண்தான். கையாலேயே போட்டுப் பார்க்கலாம். பலாலி ஓடுபாதை வட அகலாங்கு 9 பாகை 47 கலையில் இருக்கிறது, மீனம்பாக்கம் 12 பாகை 59 கலையில். வித்தியாசம் 3 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 192 கலை. அகலாங்கில் ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல் மைல். இரண்டு இடமும் கிட்டத்தட்ட ஒரே நெட்டாங்கில், 80 பாகைக்குச் சற்றுக் கிழக்கே இருப்பதால் பக்கவாட்டு விலகல் பத்துப் பதினொரு கிலோமீற்றர்தான், அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. 192 கடல் மைலை 1.852 ஆல் பெருக்குங்கள், 355 வந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை நேர் வடக்கு என்பது படம் பார்க்காத பலருக்கு இன்னும் தெரியாது.

திருச்சிக்கு வடக்கே 58 கலை, மேற்கே 1 பாகை 22 கலை. நெட்டாங்குக் கலை நமது அகலாங்கில் கடல் மைலைவிடக் கொஞ்சம் சிறிது, அதைக் கழித்தால் மேற்கே சுமார் 80 கடல் மைல். பிறகு பைதகரஸ் தேற்றம்தான். 99 கடல் மைல் வரும், 184 கிலோமீற்றர்.

இதே முறையில் மற்ற இடங்களுக்கும் போட்டேன். மதுரை 217, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா 291, மட்டக்களப்பு 292, இரத்மலானை 331. திருகோணமலை சீனக்குடா 185. திருச்சியும் திருகோணமலையும் பலாலிக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றன. கொழும்பு விமான நிலையத்தைவிடத் திருச்சி நூறு கிலோமீற்றருக்கு மேல் கிட்ட. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

சோளகம்

வாத்தியார் தூரத்தைத் தீர்த்துவிட்டார், நேரத்தை நான் எடுக்கிறேன். வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தின் இயக்கப் பிரிவில் கனகாலம் வேலை செய்தவன், இதுதான் என் தொழில்.

அந்த இணையத்தளங்கள் எல்லாத் தூரத்துக்கும் ஒரே சூத்திரத்தைத்தான் போடுகின்றன. மணிக்கு 800 கிலோமீற்றர் சொச்சம் என்று ஒரு ஜெட் வேகத்தை எடுத்துத் தூரத்தை வகுத்து, ஏற்றம் இறக்கத்துக்கு அரை மணி கூட்டினால் 56 நிமிடம் வரும். லண்டனுக்குப் போகிறவருக்கு அது ஓரளவு பொருந்தும். பலாலிக்கு இரண்டு காரணங்களால் பொருந்தாது.

ஒன்று, பலாலிக்கு வருவது ஜெட் இல்லை. ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம், எழுபது எண்பது இருக்கைக்குள். உச்ச வேகமே மணிக்கு 510 கிலோமீற்றர் அளவில்தான், அதாவது 275 நொட் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்).

இரண்டாவதுதான் முக்கியமானது. குறுகிய பறப்பில் நேரத்தைத் தின்பது தூரம் இல்லை. சென்னைக்கான 192 கடல் மைலை 270 நொட்டில் நேராகப் பறந்தால் 43 நிமிடம். திருச்சிக்கான 99 கடல் மைலுக்கு 22 நிமிடம். ஆனால் ரிக்கெற்றில் போடும் நேரம், விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே போய்ச் சக்கரம் நிற்கும் வரைக்குமானது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, குறைந்த வேகத்தில் மேலேறுவது, அங்கே இறங்கும் வரிசையில் சேர்வதற்குச் சுற்றி வருவது, இறங்கியபின் திரும்ப உருள்வது. இது ஏறக்குறைய மாறாத தொகை, முப்பது முப்பத்தைந்து நிமிடம் எடுக்கும். 43 உடன் கூட்டினால் சென்னைக்கு ஒன்றேகால் மணி. திருச்சிக்கு 22 உடன் கூட்டினால் ஐம்பத்தைந்து வரும், தாமதத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஒரு மணி என்று போடுகிறார்கள். தூரம் பாதியானாலும் அந்த மாறாத தொகை பாதியாகாது. சந்தியில் இருக்கிற கடைக்குப் போகக் காரை வெளியே எடுக்கும் கதைதான்.

திருச்சிப் பறப்பில் விமானம் முழு வேகத்தில் மட்டமாகப் பறக்கும் நேரம் மிகக் கொஞ்சம். ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடும்.

ஏ9 பயணி

எல்லாம் சரி. ஆனால் ஏன் எல்லோரும் பலாலியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கட்டுநாயக்கா. அங்கிருந்து திருச்சிக்கு நேரடி ஜெட், 420 கிலோமீற்றர்தான். பலாலியில் அன்றைய பறப்பு நின்றால் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டும். கொழும்பு என்றால் மாற்று வழி உண்டு. நான் தொழில் அலுவலாக அடிக்கடி போகிறவன், எனக்கு நம்பகம்தான் முக்கியம்.

கொக்குவில் தாரகை

அண்ணை, நீங்கள் சொல்வது உங்களுக்குச் சரி. அம்மாவை எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருத்தி, அதற்குப் பிறகு விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் இருத்தி, பிறகு பறந்து... அவவின் கால் வீங்கிவிடும். ரயிலிலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

சோளகம் அண்ணை, விளக்கத்துக்கு மிக்க நன்றி. காற்றால் நேரம் மாறுமா? நாங்கள் போவது மார்கழியில்.

சோளகம்

மாறும், ஆனால் இந்தத் தூரத்துக்குக் கொஞ்சம்தான். சென்னைக்குப் போகும்போது எதிர்க்காற்று 30 நொட் என்று வைத்துக்கொண்டால் 43 நிமிடம் 48 ஆகும், ஐந்து நிமிடம் கூட. சோளகக் காலத்தில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று வடக்கே போகிறவரைத் தள்ளிவிடும், வருகிறவரைப் பிடித்து வைக்கும். வாடைக் காலத்தில் மறுவளம்.

காற்றைவிட, எந்தப் பக்கம் புறப்படுவது என்பதில்தான் நிமிடங்கள் போகும். பலாலி ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். வாடைக் காற்றில் வடகிழக்கே, கடல் பக்கமாக எழும்பினால் சென்னைக்கு அது கிட்டத்தட்டப் போகும் திசைதான். திருச்சிக்கு என்றால் அப்படி எழும்பி இடப்பக்கமாக நன்றாக வளைந்து வடமேற்கைப் பிடிக்க வேண்டும். பாக்கு நீரிணைக்கு மேலே கொழும்புக் கட்டுப்பாட்டிலிருந்து சென்னைக் கட்டுப்பாட்டுக்குக் கைமாற்றமும் நடக்கும்.

மார்கழியில் பார்க்க வேண்டியது மழை. கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் வானிலை கெடும். அந்தக் கிழமைகளில் போகிறவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு நாள் கூடுதலாக வைத்திருப்பது புத்தி.

காவிரிக்கரை

வணக்கம் தோழி, நான் திருச்சிக்காரன். தஞ்சாவூர் போகணும்னா யோசிக்கவே வேண்டாம், திருச்சிக்கே வாங்க. எங்க விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. அங்கிருந்து துவாக்குடி வழியாகத் தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்குள்தான், காரில் ஒன்றேகால் மணி நேரம். புதிய முனையத்தை 2024 ஜனவரியில் திறந்துவைத்து, அந்த வருட நடுவிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. பழையது மாதிரி நெருக்கடி இல்லை, சக்கர நாற்காலி வசதி எல்லாம் நன்றாக இருக்கிறது.

சென்னையில் இறங்கினால் தஞ்சாவூருக்கு இன்னும் 340 கிலோமீட்டர் வரவேண்டும். நீங்கள் பறந்து போன தூரத்தையே திரும்பத் தெற்கே வருவது மாதிரி. ரயில் என்றால் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, தாம்பரத்தில் ஏறலாம், ஆனால் விடியற்காலைதான் தஞ்சை.

இன்னொன்று. நேர்கோடு போட்டுப் பார்த்தேன், பலாலியிலிருந்து வரும் கோடு அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தொட்டு, கந்தர்வகோட்டை மேலே வந்து திருச்சியில் முடிகிறது. எங்க அம்மா ஊர் கந்தர்வகோட்டை. கோட்டின் மறுமுனை யாழ்ப்பாணம் என்று அம்மாவிடம் காட்டினேன், ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கு வாத்தி

தம்பி காவிரிக்கரை, நல்லாயிருக்கிறது. சென்னைக்கான நேர்கோட்டையும் பாருங்கள். பலாலியை விட்டால் மாமல்லபுரம் கல்பாக்கம் வட்டாரம் வரைக்கும் முழுக்கக் கடல்தான். கோடியக்கரை, நாகப்பட்டினம், காரைக்கால், புதுச்சேரி எல்லாம் இடப்பக்கம் இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர் தள்ளி வரும். சென்னைக்குப் போகிறவர்கள் இடப்பக்க யன்னல் கேளுங்கள். விமானம் இந்தக் கோட்டிலேயே போகும் என்று இல்லை, ஆனாலும் பெரிய வித்தியாசம் இராது.

வலி வடக்கான்

இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். தூரத்தையும் நேரத்தையும் பேசும்போது பலாலியின் பழைய கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் வீடு அந்த ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

பலாலியை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் தன் முதற் பறப்பைத் தொடங்கியபோது, இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டகோட்டா விமானம் எங்கள் ஊரில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அப்போது காங்கேசன்துறை என்றே பெயர். இந்த நாட்டின் விமான சேவை வெளிநாட்டுக்கு முதல் போனபோது எங்கள் ஊரால்தான் போனது. டகோட்டாவின் வேகம் மணிக்கு 270, 280 கிலோமீற்றர். வாத்தியாரின் 355ஐ வைத்துப் பார்த்தால் வானில் மட்டும் ஒன்றேகால் மணி. இன்றைய ஏடிஆர் அதையே முக்கால் மணியில் முடிக்கிறது. எழுபது சொச்ச வருடத்தில் மிச்சம் அரை மணிதான்.

அதற்கிடையில் எவ்வளவு நடந்தது. 1990இல் பலாலி இருக்கும் வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 வீதி பூட்டியிருந்தபோது கொழும்புக்குப் போகக் கப்பலும் விமானமும்தான் வழி. 1998 செப்டெம்பர் 29 பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் போனார்கள். இன்றைக்கும் எங்கள் வயதுக்காரர் பலருக்குப் பலாலியில் ஏறுவதென்றால் நெஞ்சு இடிக்கும். தாரகை, உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஏதும் இருந்தால் முதலே ஆறுதலாகக் கதைத்து வையுங்கள்.

2019 ஒக்ரோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவோடு 2020 பங்குனியில் நின்றது. 2022 டிசெம்பர் 12இல்தான் திரும்ப வந்தது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து வரத் தொடங்கியது, 2025 பங்குனிக் கடைசியில் திருச்சியிலிருந்தும். இவ்வளவு காத்திருந்து கிடைத்த வழி. நாங்கள் பாவித்தால்தான் நிலைக்கும்.

ஏ9 பயணி

வலி வடக்கான் அண்ணை, உங்கள் கதையைப் படிக்க மனம் கனத்தது. ஆனால் ஒரு கேள்வி. ஓடுபாதையை நீட்டி ஏ320 மாதிரி ஜெட் வந்தால் நேரம் நன்றாகக் குறையாதா? எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள்.

சோளகம்

சென்னைக்கோ திருச்சிக்கோ நேரம் பெரிதாகக் குறையாது. சென்னைக்குப் பத்து நிமிடம் மிச்சம் பிடித்தால் அதிகம், திருச்சிக்கு அதுவும் இல்லை. 184 கிலோமீற்றரில் ஜெட் தன் வேகத்துக்கு வருவதற்குள் இறங்க வேண்டிவரும். இந்தத் தூரத்துக்கு ஏடிஆர்தான் பொருத்தமான விமானம், எண்ணெயும் குறைய எரிக்கும், குறுகிய ஓடுபாதையிலும் எழும்பும்.

ஜெட்டின் பயன் வேறு இடத்தில். 180 பேரை ஏற்றலாம், பொதி கூடக் கொண்டுபோகலாம், வளைகுடாவுக்கு நேராகப் பறக்கலாம். வேலைக்குப் போய்வரும் எங்கள் பெடியங்களுக்குக் கட்டுநாயக்காப் பயணமே இல்லாமல் போகும். ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று கேட்கிறவர்கள் இதைச் சொல்லிக் கேட்க வேண்டும், சென்னைக்கு வேகமாகப் போகலாம் என்று அல்ல.

வலி வடக்கான்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நீட்டுவதற்குக் காணி வேண்டும். அந்தக் காணி ஒருவருடைய தோட்டம், ஒருவருடைய வீட்டு அத்திவாரம், ஒருவருடைய கோயில். இடம்பெயர்ந்து, அந்தக் காணிக்குத் திரும்ப முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தவரிடம் பத்து நிமிடத்துக்காகக் கேட்டால் எப்படி மனம் ஒப்பும்? உண்மையான பயனைச் சொல்லி, உரிய இழப்பீட்டைச் சொல்லி, சனத்தோடு இருந்து பேசி எடுத்தால் அது வேறு. வளர்ச்சிக்கு நான் எதிர் இல்லை.

கணக்கு வாத்தி

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. தங்கச்சிக்கு வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டுத் தருகிறேன்.

திருச்சி வழி: கொக்குவிலிலிருந்து பலாலிக்கு அரை மணி, முன்கூட்டிப் போய் இருப்பது மூன்று மணி, பறப்பு ஒரு மணி, குடிவரவும் பொதியும் முக்கால் மணி, தஞ்சைக்கு ஒன்றேகால் மணி. மொத்தம் ஆறரை. இதில் உண்மையாகப் பறக்கும் நேரம் ஆறில் ஒரு பங்கும் இல்லை.

சென்னை வழி: குடிவரவு முடிந்து வெளியே வரும்போதே ஐந்தரை. அதன்பின் ரயிலோ காரோ ஏழு மணி, ரயிலென்றால் காத்திருப்பும் சேரும். பன்னிரண்டரைக்குக் குறையாது.

கட்டுநாயக்கா வழி: பஸ் எட்டு, காத்திருப்பு மூன்று, பறப்பு ஒன்றேகால், மிச்சம் இரண்டு. பதினாலு தாண்டும்.

இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் மணிக்கூட்டை மாற்றும் கவலை இல்லை. இலங்கை 2006 சித்திரையில்தான் திரும்ப கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய கணக்குக்கு வந்தது, அதற்கு முந்திய பத்து வருடம் வித்தியாசம் இருந்தது.

காவிரிக்கரை

கப்பலை விட்டுவிட்டீர்கள் ஐயா. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். நாகையிலிருந்து தஞ்சாவூர் இரண்டு மணி நேரம். சென்னை வழியைவிட அதுவே குறைவு.

கணக்கு வாத்தி

உண்மை, பத்து பதினொரு மணியில் முடியும், பொதியும் கூடக் கொண்டுபோகலாம். ஆனால் மார்கழிக் கடலில் முழங்கால் வருத்தக்காரரை ஏற்ற நான் சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் கடல் கொந்தளித்தால் சேவையே நின்றுவிடும். பங்குனி, சித்திரை என்றால் யோசிக்கலாம்.

லண்டன் தம்பி

இடையில் ஒரு கேள்வி. லண்டனிலிருந்து சென்னை வந்து அங்கிருந்து பலாலிக்குப் போனால் கட்டுநாயக்கா வழியைவிட விரைவா?

சோளகம்

தம்பி, இரண்டு பறப்பும் ஒரே ரிக்கெற்றில் இருந்து பொதியும் நேரே பலாலிக்குப் போகுமென்றால் விரைவு. தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் வெளியே வந்து பொதி எடுத்துத் திரும்பப் பதிய வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். ரிக்கெற் விலையைப் பார்க்க முன் அதைப் பாருங்கள்.

கொக்குவில் தாரகை

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. திருச்சி வழிதான் என்று முடிவெடுத்துவிட்டோம். வாத்தியார் போட்ட கணக்கை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பஸ் இல்லை என்றதுமே அவ சம்மதித்துவிட்டா. விமானத்தில் படி ஏறுவதுதான் இப்போது யோசனை. இந்த ஏடிஆரில் எத்தனை படி, எந்தப் பக்கம்?

சோளகம்

ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின்பக்க இடது கதவால், முன்பக்கம் பொதிகளுக்கு. விமானம் தாழ்வாக நிற்பதால் சில படிகள்தான், ஜெட்டுக்கு ஏறுவது போல உயரம் இல்லை. சில இடங்களில் படிக்குப் பதிலாகச் சாய்தளம் வைப்பார்கள். ரிக்கெற் பதியும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், பலாலி வாசலில் போய்க் கேட்பதைவிட அது நிச்சயம். இருக்கையைப் பின் வரிசைகளில் எடுங்கள், கதவிலிருந்து நடக்கும் தூரம் குறையும்.

அப்புறம், அன்று காலை திருச்சியிலிருந்து வரும் பறப்பின் நிலையைப் பாருங்கள். அங்கிருந்து வரும் அதே விமானம்தான் இறக்கி ஏற்றிக்கொண்டு திரும்பும். அது அங்கே பிந்தினால் உங்களுடையதும் பிந்தும், அப்போது அம்மாவை வீட்டில் கொஞ்ச நேரம் கூடப் படுக்கவிடலாம். பதிவு மேசை பூட்டும் நேரத்தை மட்டும் நிறுவனத்திடம் தொலைபேசியில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், பறப்பு பிந்தினாலும் அது பிந்தாமல் பூட்டப்படலாம்.